புதுப்பிப்பு: மாடி அறைக்கு ஒருவழியாக வைஃபை வந்துவிட்டது

கீழே ஹாலில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடி அறைக்குச் சரியாக வரவில்லை, ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கவில்லை. நீங்கள் சொன்னபடியே ரவுட்டரிலிருந்து கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்து, படிக்கட்டு முடியும் இடத்தில் சீலிங்கில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் கருவி) மாட்டினேன். பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் முறை) என்பதால் மின்சாரமும் அதே கேபிளில் போய்விடுகிறது, தனி பிளக் தேவைப்படவில்லை.

முதல் இரண்டு நாள் கடுப்புதான். ரவுட்டர், ஆக்சஸ் பாயிண்ட் இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தும், மாடிக்கு ஏறிய பிறகும் போன் கீழ் ரவுட்டரையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில், ஒன்றோடொன்று மோதாதபடி கீழே சேனல் 1, மேலே 11, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றி, இரண்டிலும் சிக்னல் பவரையும் குறைத்தேன். குறைத்த பிறகுதான், மாடி ஏறியதும் கீழ் சிக்னல் மங்கிவிட, போன் ஒழுங்காக மேலே உள்ளதற்கு மாறுகிறது! மொட்டை மாடி இன்னும் பாக்கி, அங்கே துணி காயப்போடத்தானே போகிறோம்.