கன்னியர் மடத்துல சும்மா போய் தங்க முடியுமா?

2006ல பிபிசில ஒரு தொடர் வந்துச்சு, இங்கிலாந்துல ஆரண்டல்ங்கற ஊர்ல இருக்குற புவர் கிளேர்ங்கற கத்தோலிக்க கன்னியர் சபை சிஸ்டர்ஸ் மடத்துல நாலு சாதாரண பொண்ணுங்க 40 நாள் தங்குவாங்க. இப்பதான் பார்த்தேன், பார்த்ததுலேர்ந்து எனக்கும் போகணும்னு இருக்கு. நான் கிறிஸ்டியன் இல்ல, சேர்த்துப்பாங்களா?

பதில் 1:
நிறைய மடத்துல சேர்த்துப்பாங்க. விருந்தாளிய கிறிஸ்துவாவே நினைச்சு வரவேற்கணும்னு மடத்து வாழ்க்கைக்குன்னு புனித பெனடிக்ட் எழுதின ஒழுங்குல 53வது அதிகாரத்துலயே இருக்கு. ஆனா கெஸ்ட் ஹவுஸ்ல தங்கறது வேற, அந்த நாலு பேர் மாதிரி உள்ளயே அவங்ககூட வாழறது வேற, அதுக்கு லேசுல விடமாட்டாங்க. நான் போன இடத்துல சாப்பிடும்போது ஒரு சிஸ்டர் புக் வாசிப்பாங்க, மத்தவங்க மூச்சு விடமாட்டாங்க, உப்பு வேணும்னா கூட கை ஜாடைதான். ராத்திரி கடைசி ஜெபம் கம்ப்ளின் முடிஞ்சா காலைல வரைக்கும் பேச்சே கிடையாது.

பதில் 2:
கேமரா முன்னாடி என்ன ஆன்மிகத் தேடலோ போங்க 😄

பதில் 3:
அப்படி தள்ளிடாதீங்க, சிஸ்டர்ஸ் கேக்குற கேள்விக்கு கேமரா இருந்தாலும் நடிக்க முடியாது. தோழி, முதல்ல ஒரு வீக்கெண்ட் போய் பாருங்க, எடுத்தவுடனே 40 நாள் வேணாம்.