ஆக்சில் பூட் கிழிந்தால்: கீழக்கரை முதல் தொண்டி வரை அனுபவங்கள்

கீழக்கரை உறுப்பினர் (இழையைத் தொடங்கியவர்)

கார் கழுவுகிற பையன்தான் முதலில் காட்டினான். இடது முன்சக்கர ரிம்மின் உள்பக்கம், பிரேக் குழாய், ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதி எல்லாம் ஒரே வரிசையில் கருப்புக் கிரீஸ். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்தை ஒட்டிய ரப்பர் பூட்டின் (ஆக்சில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் மடிப்பு உறை) மடிப்பு ஒன்றில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குப் பிளவு. வண்டியோ எந்தச் சத்தமும் போடவில்லை, ஓட்டத்திலும் ஒரு குறை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சத்தம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து இரு பக்கமும் சக்கரத்தைச் சுழற்ற ஒவ்வோர் ஆக்சில் தண்டு போகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜாயின்ட். சக்கரப் பக்க ஜாயின்ட்டுக்குள் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் இழுவை சீராகப் போய்ச் சேருவது அவற்றால்தான். குண்டுகளுக்கு உயிர் கிரீஸ், கிரீஸுக்குக் காவல் பூட். பூட் கிழிந்ததும் ஆக்சில் சுழலச் சுழலக் கிரீஸ் வெளியே தெறிக்கும், அந்த இடத்தில் மணல் உள்ளே போகும். மதுரையிலோ திருச்சியிலோ கிழிந்த பூட்டோடு சில மாதங்கள் ஓட்டிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சேதுக்கரைச் சாலையிலும் ஏர்வாடிச் சாலையிலும் மணல் காற்றோடு பறக்கிற ஆடி மாதத்தில் அந்தத் தவணையெல்லாம் கிடையாது.

முதலில் போன இடத்தில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், "முழு ஆக்சிலையும் மாற்ற வேண்டும், பூட் தனியாக வராது" என்றார்கள். தனியாக வரும் என்பது எனக்குத் தெரியும். பூட், இரண்டு கிளாம்ப், ஒரு பொட்டலம் கிரீஸ், வளைய லாக் என்று ஒரு கிட்டாகவே விற்கிறார்கள். சில நூறு ரூபாய்தான். ஆக்சில் என்றால் ஆயிரங்களில் போகும். ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கள் ஊர்ப் பட்டறைக் காக்காவிடம் (அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) போனேன்.

அவர் முதலில் செய்த காரியம் பிளவுக்குள் விரலை விட்டுக் கொஞ்சம் கிரீஸை வழித்ததுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் பொடியின் நயம் பார்க்கிற மாதிரி. பிறகு என் விரலிலும் கொஞ்சம் தடவினார். "நறநறக்கிறதா பாருங்கள் தம்பி." இல்லை, வழவழவென்றுதான் இருந்தது. ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று மணல் துகள் தட்டுப்பட்டது. "அப்படியானால் பூட் போதும்." அதோடு விடாமல் மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். இரண்டு பக்கமும் சுற்றினேன். ஜாயின்ட் தேய்ந்திருந்தால் வரும் டக் டக் என்ற சத்தம் வரவில்லை. அதன் பிறகுதான் ஜாக்கியைத் தொட்டார்.

வேலையில் பாதி நேரத்தைத் தின்றது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஆக்சில் நட். உப்புக் காற்றில் நட்டும் ஆக்சில் ஷாஃப்ட்டும் ஒரே இரும்பாகியிருந்தன. நட்டின் ஓரம் பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அதை உளியால் நிமிர்த்தி, துரு நீக்கும் எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி இருவர் தொங்கியபோதுதான் அது முனகிக்கொண்டு அசைந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு விளையாட்டு.

உங்கள் வண்டிகளுக்கு எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.

ராமேஸ்வரம் உறுப்பினர் (டாக்ஸி ஓட்டுநர்)

நீங்கள் கொடுத்துவைத்தவர். எனக்குச் சத்தம்தான் முதலில் வந்தது. ரத வீதித் திருப்பத்தில் ஒடிக்கும்போது டக் டக் டக். பயணிகள் முன்னால் மானம் போகிற சத்தம்.

காரணம் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை 2017-இல் திறந்தார்கள். அதற்கு முன் மணலில் போக வேன்காரர்கள் இருந்தார்கள், எங்கள் கார்கள் பாதியிலேயே நின்றுவிடும். இப்போது கடைசி வரை போகலாம் என்பதால், வந்தவர்கள் "சாலையை விட்டு இறங்கிக் கொஞ்சம் கடல் ஓரமாக நிறுத்துங்கள்" என்கிறார்கள். இறங்கினால் முன்சக்கரம் புதையும். ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்துவோம். அந்த ஜாயின்ட்டுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை: முழுக் கோணம், முழு இழுவை, சுற்றிலும் மணல். பூட்டில் ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு இருந்தால் அன்றைக்கே வாயைத் திறந்துவிடும்.

எனக்குப் பூட் மாற்றிப் பயனில்லை. கழற்றிப் பார்த்தபோது குண்டுகள் ஓடும் தடத்தில் அம்மைத் தழும்பு போட்டிருந்தது. நல்லவேளை, என் வண்டிக்குச் சக்கரப் பக்க ஜாயின்ட் தனியாகக் கிடைத்தது. முழு ஆக்சில் வாங்க வேண்டி வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்தம் எல்லாம் வெளிப்பக்க ஜாயின்ட்டின் சத்தம் அல்ல. எங்கள் சங்கத்து நண்பரின் காரில் திருப்பத்தில் சத்தமே இல்லை. ஆனால் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது, அழுத்தம் கொடுக்கக் கொடுக்கக் கார் முழுவதும் நடுங்கும். உச்சி தாண்டி இறங்கும்போது காலை எடுத்தால் நின்றுவிடும். டயர் பேலன்ஸ் பார்த்தார், அலைன்மென்ட் பார்த்தார், காசுதான் போனது. கடைசியில் கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட். அந்தப் பூட் கிழிந்து, கிரீஸ் கியர்பாக்ஸின் அடியில் அப்பியிருந்தது. அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சாயல்குடி உறுப்பினர் (ஆசிரியை)

எங்கள் பக்கம் மணலைவிடச் சீமைக் கருவேலம்தான் எதிரி. பள்ளிக்குப் போகும் கண்மாய்க் கரைச் சாலையில் எதிரே டிராக்டர் வந்தால் ஓரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். காய்ந்த கிளை ஒன்று சக்கரத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, முள் பூட்டைக் கீறிவிட்டது. டயர் பஞ்சரானால் உடனே தெரிகிறது. இது தெரியவே இல்லை.

இங்கே ஒருவர், ஆக்சிலைக் கழற்றாமலே மாட்டலாம் என்று நெடுக்கே வெட்டிய பூட்டைச் சுற்றிப் பசை வைத்து ஒட்டிக்கொடுத்தார். பெரிய கிளாம்ப்பும் வைக்கவில்லை, மின்கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கினார். பழைய கிரீஸைத் துடைக்கவும் இல்லை. ஒட்டிய இடம் அந்தக் கோடையிலேயே விட்டுக்கொண்டது. திட்டுவதற்கு மனம் வரவில்லை, அவர் வாங்கிய கூலியும் அவ்வளவுதான்.

என் சந்தேகம்: கிழிந்த பூட்டோடு சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை ஓட்டி வரலாமா? இல்லை, வண்டியை இழுத்துத்தான் வர வேண்டுமா?

ராமநாதபுரம் உறுப்பினர் (மெக்கானிக்)

டீச்சர், சத்தம் இல்லையென்றால் தாராளமாக ஓட்டி வரலாம். பூட் கிழிந்ததும் ஜாயின்ட் அன்றே உடைந்துவிடாது. மண் சாலையில் இறங்காமல், தண்ணீர் தேங்கிய இடத்தில் விடாமல் வாருங்கள். சத்தம் பலமாக வந்துவிட்டால் மட்டும் நெடுந்தூரம் வேண்டாம். உள்ளே குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்தால் இழுவை நின்று நடுச்சாலையில் நிற்க நேரும்.

கீழக்கரைத் தம்பியிடம் "பூட் தனியாக வராது" என்று சொன்னதில் ஒரு கால்வாசி நியாயம் இருக்கிறது. சில கார்களில் சக்கரப் பக்க ஜாயின்ட்டை ஷாஃப்ட்டிலிருந்து கழற்றக் கூடாது என்று கம்பெனிப் புத்தகமே சொல்கிறது. அப்போது வெளிப்பூட்டை மாற்ற, கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட்டைப் பிரித்து, உள்பூட்டையும் உருவி, அந்த வழியாகப் புதியதை ஏற்ற வேண்டும். வேலை இரட்டிப்பு. அதனால் பல பட்டறைகள் முழு ஆக்சிலாக மாட்டிவிட்டுப் போகின்றன. அம்பாசிடரில் இந்தத் தலைவலி இல்லை. பின்சக்கரம் இழுக்கும் வண்டி, கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் முடிந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் இந்தப் பூட் வேலை நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வாடிக்கையானது.

சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு, நான் பார்த்த கோளாறுகளை வைத்துச் சிலது சொல்கிறேன்.

ஷாஃப்ட்டைச் சக்கரம் மாட்டும் ஹப்பிலிருந்து வெளியே தள்ளும்போது மரையின் மேல் நேராகச் சுத்தியல் போடாதீர்கள். பழைய நட்டை முனையோடு சமமாகத் திருகி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். வெளியே வந்த ஆக்சிலை அந்தரத்தில் தொங்கவிட்டால் உள்பக்க ஜாயின்ட் கழன்று, அந்தப் பூட்டும் கிழியும். கம்பியால் கட்டி வையுங்கள். கியர்பாக்ஸிலிருந்து உருவினால் ஆயில் ஒழுகும், தட்டு வைத்துப் பிடித்து, முடிந்ததும் அளவு பார்த்து நிரப்புங்கள். உருவும்போது ஆயில் சீலில் கீறல் விழுந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் போகும்.

உள்பக்க ஜாயின்ட்டில் பெரும்பாலும் மூன்று உருளைகள். கழற்றும் முன் ஷாஃப்ட், உருளைக்கூடு, வெளிக்கூடு மூன்றிலும் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவினால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் கிரீஸ் வைக்க வேண்டும், மீதி மண்ணெண்ணெய் புது ரப்பரைக் கெடுக்கும். கிட்டில் வரும் கருப்பு மாலிப்டினம் கிரீஸ் முழுவதையும் உள்ளே வையுங்கள், குண்டுகளுக்கு இடையில் விரலால் அழுத்தி. வீட்டில் இருக்கிற வீல் பேரிங் கிரீஸ் இதற்கு ஆகாது.

கடைசியாக, எல்லோரும் விடுவது காற்று. பூட்டைப் பள்ளத்தில் உட்காரவைத்து, பெரிய கிளாம்ப்பை இறுக்கியதும், சின்ன வாய்க்கு அடியில் முனை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரை மெல்ல நுழைத்தால் உஸ் என்று ஒரு மூச்சு வரும். மடிப்புகள் உப்பாமலும் ஒட்டாமலும் சமமாக நிற்கும். அதன் பிறகு சின்னக் கிளாம்ப். இதைச் செய்யாமல் இறுக்கிய பூட்டுகள் மடிப்போடு மடிப்பு உரசிக் கிழிந்து திரும்பி வந்திருக்கின்றன.

ஆக்சில் நட் புதிதாகப் போடுங்கள், இறுக்கும் அளவு உங்கள் வண்டியின் புத்தகத்தில் இருக்கும். நட்டை முடுக்காமல் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கி உருட்டினால் பேரிங் போகும்.

தொண்டி உறுப்பினர் (மீன் வியாபாரம்)

ஏலத்துக்குப் போகிற என் வேன் பின்சக்கரம் இழுப்பது. அதற்கு இந்தப் பூட்டே இல்லை, நிம்மதி. ஆனால் அவசரத்துக்கு வீட்டுக் காரின் டிக்கியில் பெட்டி ஏற்றுவது உண்டு. ஏலம் நடக்கிற இடத்தில் தேங்கிய மீன் தண்ணீரில் முன்சக்கரம் ஓடி ஓடி, பூட்டின் கிளாம்ப் துருப்பிடித்து அறுந்துவிட்டது. ரப்பருக்கு ஒன்றுமில்லை, வாய் நழுவி விலகிக் கிடந்தது. கிளாம்ப் மட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்கி மாற்றினேன், உள்ளே கிரீஸைப் புதுப்பித்துக்கொண்டு.

வண்டியின் அடியை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி ஊரில் எல்லோரும் அறிவுரை தருகிறார்கள். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் போர் தண்ணீரில் அடித்தால் காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்துக் காரின் அடியில் ஊற்றினால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. மழை நாளில் வண்டியை வெளியே நிறுத்துகிறேன், அவ்வளவுதான் முடிகிறது.

கீழக்கரை உறுப்பினர்

மெக்கானிக் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வலது பக்கத்தையும் பார்த்தேன். ஸ்டியரிங்கை ஒடித்து, மடிப்புகளை விரலால் விரித்தால் உள்ளே நகம் பதிகிற மாதிரி நுண்ணிய வெடிப்புகள், இன்னும் கிழியவில்லை. கிட் வாங்கி வைத்துவிட்டேன். எங்கள் காக்கா உம்ராவுக்குப் போயிருக்கிறார். அண்ணே, சனிக்கிழமை உங்களிடம் கொண்டுவரலாமா?

ராமநாதபுரம் உறுப்பினர் (மெக்கானிக்)

காலையிலேயே வாருங்கள் தம்பி. கிட்டில் ஆக்சில் நட் இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்காது. இல்லையென்றால் உங்கள் மாடலுக்குரியதை வாங்கிக்கொண்டு வாருங்கள். என்னிடம் இருப்பது அதற்குச் சேராது.