சக்கை வாங்கி ஏமாந்துட்டேனா? வடசேரி உழவர் சந்தை பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க

சேலத்துக்காரன்:
நாகர்கோவிலுக்கு மாத்தலாகி வந்து மூணு மாசம் ஆகுது, இங்க பலாப்பழத்த சக்கைன்னு சொல்றாங்க, ஞாயித்துக்கிழமை முழுசா ஒண்ணு தூக்கிட்டு வந்து வெட்டினா சுளை எல்லாம் கொழகொழன்னு வழுக்குது. அழுகினதா? அப்புறம் மட்டி வாழைப்பழம் எப்ப கிடைக்கும்?

தக்கலை அக்கா:
அழுகல்ல தம்பி, அது கூழன் சக்கை, ஜாதியே அப்படித்தான். சுளை கெட்டியா வேணும்னா வரிக்கன்னு கேட்டு வாங்கணும். வெளிய பாத்து எனக்கே தெரியாது, அதனால வெட்டி வச்சிருக்கவங்க கிட்ட ஒரு சுளை தின்னு பாத்துட்டு வாங்குங்க. முள்ளு விரிஞ்சு வாசம் அடிச்சா பழுத்தாச்சு. கூழன தூரப் போட்டுராதீங்க, வெல்லமும் நெய்யும் விட்டு கிண்டி சக்க வரட்டி பண்ணுங்க, கை வலிக்கும், ஆனா கொள்ளாம், நல்லா இருக்கும்.

ஏத்தன் பிரியன்:
மட்டி வருஷம் பூரா உண்டு அண்ணாச்சி. 2023ல புவிசார் குறியீடு கிடைச்ச நம்ம ஊரு பழமாக்கும், பச்சப்பிள்ளைக்கு முதல்ல குடுக்கறதே அதத்தான். காலையில வெள்ளன சந்தைக்கு போங்க, லேட்டா போனா மிச்சம்தான். விலை போர்டுல எழுதியிருக்கும், பாத்துட்டு உள்ள போங்க. ஏத்தன், அதான் நேந்திரம்பழம், மட்டும் ஓணத்துக்கு முன்னாடியே வாங்கிருங்க, அப்ப களியக்காவிளை தாண்டி கேரளாவுக்கு லோடு போகும், இங்க விலை ஏறிரும்.

சேலத்துக்காரன்:
நன்றிக்கா, வரட்டி அடுப்புல இருக்கு. கை வலிக்குது.