பொருள்: டிரவுட் மீன் முட்டையிட்டு மூடும் இடத்துக்கு ஒரு சொல்

சேலத்திலிருந்து:
குழும நண்பர்களுக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்காக வானவில் டிரவுட் பற்றிய பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். பெண்மீன் ஓடையின் சரளையில் ஒருக்களித்து, வாலை அடித்து அடித்துக் குழி பறித்து முட்டையிடுகிறது. ஆண்மீன் விந்து சொரிந்ததும், நீர் வரும் பக்கமாகச் சற்று நகர்ந்து மறுபடி வாலடிக்க, கிளம்பும் சரளை நீரோட்டத்தோடு வந்து முட்டைகளை மூடிவிடுகிறது. இவ்விடத்தை ஆங்கிலத்தில் 'ரெட்' என்கிறார்கள். அதை அப்படியே எழுதினால் பிள்ளைகள் சிவப்பு என்றே படிப்பார்கள். 'முட்டைக்குழி' போதுமா?

ஆத்தூரிலிருந்து:
அம்மையீர், பழஞ்சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு? குறுந்தொகை 85ஆம் பாடலில், சூல் முதிர்ந்த பேடைக்கு 'ஈனில்' இழைக்க ஆண்குருவி கரும்பின் பூவைக் கோதுகிறது. ஈன் இல், ஈனும் இல்லம். முட்டையிடும் பறவைக்கே புலவர் அதை ஆண்டிருக்கிறார். மீனுக்கு ஏன் ஆகாது? நண்டின் 'அளை'யையும் எண்ணிப் பார்த்தேன். அது குடியிருக்கும் பொந்து, பிள்ளைப்பேற்றுக்கு உரியதன்று.

ஏற்காட்டிலிருந்து:
புலவர் ஐயாவின் பாட்டு இனிக்கிறது. ஆனால் அங்கே இழைப்பவன் சேவல், இங்கே பாடுபடுபவள் பெண். ஆண் டிரவுட் பக்கத்தில் நின்று மற்ற ஆண்களை விரட்டுவதோடு சரி. அதைவிடப் பெரிய இடர், 'பெண்மீன் ஈனில்' என்று எழுதினால் 'ஈன்றால்' என்றுதான் மாணவர் பொருள் கொள்வார். தேர்வுத்தாளில் இது விபரீதமாகும். மூடுவதே இதன் சிறப்பு என்பதால் 'மூடுகுழி' என்கலாம். வினைத்தொகை, மூன்று காலமும் அடங்கும்.

மேட்டூரிலிருந்து:
'மூடுகுழி' என்றதும் எனக்குக் கழிவுநீர்த் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது, மன்னிக்கவும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மீன் பறிக்கும் குழி புதிதன்று. ஏரியில் தண்ணீர் இறங்கினால் ஜிலேபி மீன் பறித்த குழிகள், சேற்றில் தட்டுகளைக் கவிழ்த்து அழுத்தியதுபோல் வரிசையாகத் தெரியும். அவற்றைப் பறிப்பது ஆண். குழி திறந்தே கிடக்கும், முட்டைகளைப் பெண் வாயில் வைத்துக் காக்கும். டிரவுட்டுக்கு இரண்டுமே தலைகீழ். 'முட்டைக்குழி' என்று மட்டும் சொன்னால், ஜிலேபியின் குழியை நினைத்துக்கொண்டு எழுதிவிடுவார்கள். ஆகவே 'சரளை' என்ற சொல் உள்ளே இருந்தாக வேண்டும். கல்லிடுக்கில் நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டைக்கு உயிர்வளி கிடைக்கும். வண்டல் அடைத்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும். 10 பாகை செல்சியஸ் குளிரில் பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பொரித்த பின்னும் குஞ்சு மஞ்சட்கருப் பையைத் தின்று தீர்க்கும்வரை அந்தச் சரளைக்குள்ளேயே கிடக்கிறது. இதை வெறும் குழி என்பது குறைத்துச் சொல்வதாகும்.

ஆத்தூரிலிருந்து:
ஒரு மாதம் முட்டையையும் அதன்பின் குஞ்சையும் காக்கும் இடத்தை 'இல்' என்னாமல் வேறென்ன என்பது? ஈனில் என்பதில் வரும் மயக்கம் 'ஈன்இல்' என்று பிரித்தெழுதினால் தீரும். 'சரளை' எந்த ஊர்ச் சொல் என்பதையும் ஒருவர் ஆராய வேண்டும். பரல் என்ற நல்ல சொல் இருக்கிறது. பரலில்!

ஏற்காட்டிலிருந்து:
ஐயா, 'பரலில்' என்பது இடவேற்றுமை ஆகிவிடும். ஒரே பள்ளத்தில் இரண்டு முறை விழ வேண்டாம்.

சேலத்திலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. அச்சகத்துக்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார். 'சரளை முட்டைக்குழி' என்று முதலில் ஒருமுறை விளக்கி எழுதி, பிறகு 'முட்டைக்குழி' என்றே தொடர்கிறேன்; ஜிலேபியோடு ஒப்பிட்டு ஒரு பெட்டிச்செய்தியும் சேர்த்திருக்கிறேன். கலைச்சொல் பட்டியலில் 'ஈன்இல்' அடைப்புக்குறிக்குள் இருக்கும்.

ஆத்தூரிலிருந்து:
அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் ஒப்புக்கொள்கிறேன்.