குளம் பச்சையாகி, விடியலில் மீன் செத்து மிதக்கிறது: மயில்துத்தம் போட்டால் தீருமா?

கரைவேலி (கேள்வி):
பரப்பு சுமார் 2 ஹெக்டேர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். இரண்டு பக்கம் உரமிடும் நிலம், ஒரு பக்கம் வீடுகள். வீட்டுக் கழிவுநீர் வாய்க்கால் ஒன்றும் இதில்தான் விழுகிறது. மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் தண்ணீர் பச்சைப் பெயின்டைக் கரைத்தது போல ஆகிவிட்டது. காற்று ஒதுக்கும் கரையில் தடித்த ஆடை, நாற்றம். காலையில் பெரிய மீன்கள் செத்துக் கிடக்கின்றன. மதியம் பார்த்தால் மிச்சமுள்ளவை ஒன்றும் நடக்காதது போலத் திரிகின்றன. கால்நடை இந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. கரையிலிருந்து 30 மீட்டரில் குடிநீர்க் கிணறு இருக்கிறது. மயில்துத்தம் (செம்பு சல்பேட்) தூவினால் இரண்டே நாளில் தெளியும் என்கிறார்கள். போடலாமா? மீன் சாவது ஆக்சிஜன் குறைவாலா, நஞ்சாலா?

நீர்நாய்:
நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஆக்சிஜன் குறைவைக் காட்டுகின்றன. பெரிய மீன் முதலில் சாகிறது, விடியலில் சாகிறது, மதியம் எல்லாம் சரியாகிவிடுகிறது. நஞ்சோ பூச்சிமருந்தோ என்றால் நேரம் பார்க்காது, பெரிது சிறிது என்றும் பார்க்காது. விரால் போல மேலே வந்து காற்றை விழுங்கும் மீன்கள் தப்பி மற்றவை மட்டும் செத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கணக்கு எளிது. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் இயல்பாகப் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். பாசி அடர்ந்த குளத்தில் மாலை 4 மணிக்கு அளந்தால் 12, 14 கூடக் காட்டும். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் அதை நம்பக் கூடாது. சூரியன் மறைந்ததும் அதே பாசியும், சேற்றிலுள்ள நுண்ணுயிரிகளும் சுவாசிக்கத் தொடங்கும். மணிக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம் போனால் 12 மணி நேரத்தில் 6 மில்லிகிராம் காலி. மாலையில் 12 இருந்தால் விடியலில் 6, மீன் பிழைக்கும். பகல் முழுக்க மேகம் மூடி மாலையில் 7தான் இருந்தது என்றால் விடியலில் 1. இரண்டுக்குக் கீழே பெரும்பாலான மீன் தாங்காது. மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியலில் கூட்டச் சாவு நடப்பது இதனால்தான்.

இன்னொரு வழியிலும் சாகும். குளிர்ந்த மழையும் காற்றும் வந்தால் மேல்நீர் கனத்து இறங்கி, ஆக்சிஜனே இல்லாத அடிநீர் ஹைட்ரஜன் சல்பைடோடு மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான்.

அம்மோனியாவையும் மறக்காதீர்கள். பாசி பகலில் கரியமில வாயுவை இழுப்பதால் பிற்பகலில் பிஹெச் (நீரின் அமில-கார அளவு) 9ஐத் தாண்டும். 30 டிகிரியில் பிஹெச் 8 என்றால் மொத்த அம்மோனியாவில் 7, 8 சதவீதம்தான் மீனுக்கு நஞ்சான வடிவில் இருக்கும். பிஹெச் 9இல் அது 45 சதவீதம். கழிவுநீர் விழும் குளத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆக, ஒரே ஒரு முறை பகல் 11 மணிக்கு அளந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பும் பிற்பகல் 3 மணிக்கும், மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. ஆழத்திலும் அடியிலிருந்து 20 செ.மீ. மேலேயும் ஆக்சிஜனும் பிஹெச்சும் எடுங்கள். அவசரத்துக்குத் துடுப்பு ஏரேட்டர் (தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் கருவி) கிடைத்தால் நள்ளிரவு முதல் விடிந்து ஒரு மணி நேரம் வரை ஓட்டுங்கள். குளம் முழுவதிலும் ஆக்சிஜனை ஏற்றப் பார்க்க வேண்டாம், ஒரு மூலையில் மீன் ஒதுங்க இடம் கிடைத்தால் போதும். ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் வையுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் துடுப்பு சேற்றைக் கிளறிவிடும், அந்தச் சேறு மேலும் ஆக்சிஜனைத் தின்னும்.

செத்த மீனை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள். அழுகும் மீனில் நெளியும் புழுக்கள் வழியாகப் பறவைகளுக்குப் பொட்டுலிசம் என்னும் தசையை முடக்கும் நஞ்சுநோய் பரவும். கழுத்தைத் தூக்க முடியாமல் வாத்துகள் விழுந்தால் அது தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

படிவு:
மயில்துத்தம் பற்றி. போடாதீர்கள், குறிப்பாக இப்போது போடாதீர்கள்.

முதலில் அது எந்தப் பாசி என்று பாருங்கள். ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். முடி போல இழை தொங்கினால் இழைப்பாசி, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. குச்சியில் பூச்சு போல ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அடுத்து, கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு எடுத்து (கையுறை போட்டு) குளிர்பெட்டியில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். பச்சை மேலே வளையமாகக் கட்டினால் நீலப்பச்சை, அடியில் படிந்தால் சாதாரணப் பச்சைப்பாசி. நீலப்பச்சையின் செல்லுக்குள் வாயுப் பைகள் உண்டு, அதனால்தான் மிதக்கிறது. இது நஞ்சு உண்டா இல்லையா என்று சொல்லாது, இனத்தை மட்டும் காட்டும். காற்று ஒதுக்கிய ஆடை, நாற்றம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

நீலப்பச்சைப் பாசியின் மைக்ரோசிஸ்டின் நஞ்சு உயிருள்ள செல்லுக்குள்தான் பெரும்பாலும் அடைந்து கிடக்கும். மயில்துத்தம் செல்லை உடைக்கும். தண்ணீர் தெளிந்துவிடும், நஞ்சு முழுக்கத் தண்ணீரில் கரைந்திருக்கும். நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். பச்சையாக இருந்தபோது அஞ்சிய மக்கள் தெளிந்த பிறகு குடிப்பார்கள், ஆபத்து அங்கேதான். அத்தனை பாசியும் ஒரே நேரத்தில் அழுகினால் ஆக்சிஜன் அடியோடு போய் மிச்ச மீனும் சாகும். பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளு (டாப்னியா) போன்ற நுண்விலங்குகளை மீனைவிடக் குறைந்த அளவிலேயே செம்பு கொன்றுவிடும் என்பதால் அடுத்த பாசி இன்னும் வேகமாக வரும். செம்பு சேற்றில் தங்கிவிடும், சிதையாது. காரத்தன்மை 50 மி.கி./லி.க்குக் கீழான மென்னீரில் மீனுக்கே நஞ்சு. கடின நீரிலோ செம்பு சீக்கிரமே படிந்து பாதி வேலை செய்யாது.

மனிதர் பக்கம்: குடிநீரில் மைக்ரோசிஸ்டின் எல்ஆருக்கு (அந்த நஞ்சின் ஒரு வகை) உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு, வாழ்நாள் முழுக்கக் குடிப்பதற்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குறுகிய காலத்துக்கு 12. காற்று ஒதுக்கிய ஆடையில் இது ஆயிரக்கணக்கில் இருக்கலாம். கல்லீரலைத் தாக்கும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்கப்படாத நீரை டயாலிசிஸுக்குப் பயன்படுத்தியதில் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரிப் பாசியால் 4 லட்சம் பேருக்கு மேல் குழாய்நீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது.

கால்நடையை இன்றே தடுத்துவிடுங்கள். நாய்களையும்தான், உடம்பில் ஒட்டியதை நக்கியே சாகும்.

கரைவேலி:
காய்ச்சிக் குடித்தால்? செத்த மீனைச் சமைப்பது பற்றியும் கேட்கிறார்கள். தோட்டத்துக்குப் பாய்ச்சலாமா?

படிவு:
காய்ச்சினால் நஞ்சு போகாது. தண்ணீர் ஆவியாகி அடர்த்திதான் கூடும், செல்களும் உடையும். டொலிடோ அறிவிப்பிலேயே காய்ச்சாதீர்கள் என்றும் இருந்தது. வீட்டு ஃபில்டரை நம்ப வேண்டாம். முறையான வழி, செல்லை உடைக்காமல் முதலில் வடித்து நீக்கி, பிறகு கிளர்வூட்டிய கரியில் விட்டு, கடைசியில் குளோரின். பிஹெச் 8க்குக் கீழே, எஞ்சிய குளோரின் குறைந்தது 0.5 மி.கி./லி. இருக்கும்படி 30 நிமிடம் வைத்தால் மைக்ரோசிஸ்டின் சிதையும். வரிசையை மாற்றிப் பச்சைத் தண்ணீரிலேயே குளோரின் கொட்டினால் மயில்துத்தம் செய்த அதே வேலைதான் நடக்கும்.

செத்து மிதந்த மீன் வேண்டவே வேண்டாம். உயிரோடு பிடித்ததிலும் நஞ்சு கல்லீரலிலும் குடலிலும் சேரும். பாசி இருக்கும் காலத்தில் தவிர்ப்பதே சரி.

பாய்ச்சுவதில் தெளிப்புநீர் கூடாது, கீரை வகைகளின் இலையில் ஒட்டிக்கொள்ளும். மரங்களுக்கு வேரடியில் விடலாம், ஆடை ஒதுங்கிய இடத்தில் உறிஞ்சுகுழாயை வைக்காமல்.

கிணற்றில் நைட்ரேட்டும் மலக் கிருமியும் பார்க்கச் சொல்லுங்கள். கழிவுநீர், உரம் இரண்டும் பக்கத்தில் இருக்கும்போது மைக்ரோசிஸ்டினைவிட இவை வருவதற்கே வாய்ப்பு அதிகம். நைட்ரேட்டாக 50 மி.கி./லி. என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய நீரில் புட்டிப்பால் கலக்கினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். இதற்கும் காய்ச்சுவது தீர்வல்ல.

தூர்மண்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் யாரும் மூலத்துக்கு வரவில்லை. பாசி ஏன் வந்தது? பாஸ்பரஸ். 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஏரி 226ஐ நடுவே திரை போட்டுப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையானது. நீலப்பச்சைப் பாசிகளில் பல காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், பாஸ்பரஸுக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது.

உங்கள் குளத்துக்குக் கணக்குப் போடுவோம். 20,000 சதுர மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம்: 3 கோடி லிட்டர். நன்றாகக் கெட்ட குளத்தில் லிட்டருக்கு 0.1 மி.கி. பாஸ்பரஸ் இருக்கும் என்று வைத்தால், மொத்தத் தண்ணீரிலும் 3 கிலோதான். 50 கிலோ டிஏபி உர மூட்டை ஒன்றில் 10 கிலோ பாஸ்பரஸ் உண்டு. மழையில் ஒரு மூட்டையின் மூன்றில் ஒரு பங்கு அடித்து வந்தால் போதும், குளம் பச்சையாகிவிடும். ஓர் ஆளின் மலத்திலும் சிறுநீரிலும் நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் வரை பாஸ்பரஸ் உண்டு. 100 பேரின் கழிவு 20 முதல் 30 நாளில் அதே 3 கிலோவைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இப்போது அடியில் பாருங்கள். மேல் 10 செ.மீ. சேறு மட்டும் 2,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 300 கிலோ உலர்மண், கிலோவுக்கு 1 கிராம் பாஸ்பரஸ் என்று பிடித்தால் 600 கிலோ! இதில் பெரும்பகுதி இறுகிக் கிடக்கும். ஆனால் இரும்போடு ஒட்டியிருக்கும் பங்கு, அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் கழன்று தண்ணீருக்கு வரும். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. என்ற வேகத்தில் வந்தால் 15 நாளில் 3 கிலோ. அதாவது வெளியிலிருந்து ஒரு சொட்டு வராமலே இரட்டிப்பு. பாசியைக் கொன்றால் அது அடியில் விழுந்து அழுகி, ஆக்சிஜனைத் தீர்த்து, இந்தக் கதவைத் திறந்துவிடும். 1 கிராம் பாஸ்பரஸில் வளர்ந்த பாசி முழுதும் மக்க 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 7.5 மி.கி./லி. கணக்கில் அது கிட்டத்தட்ட 19,000 லிட்டர் தண்ணீரின் மொத்த ஆக்சிஜன்.

எனவே வரிசை: முதலில் கழிவுநீர் வாய்க்காலைத் திருப்புங்கள். செப்டிக் டேங்க் கட்டி அதன் வழிநீரை விட்டாலும் பெரிய பயனில்லை, அது பாஸ்பரஸில் பெரும்பகுதியை எடுப்பதில்லை. நிலங்களின் பக்கம் 10 மீட்டர் அகலத்துக்குப் புல்லும் நாணலும் விடுங்கள். மழைநீர் அதில் பரவி வர வேண்டும். ஓரிடத்தில் வாய்க்காலாக வெட்டிக்கொண்டு ஓடினால் புல் இருந்தும் வீண். உரத்தை மழைக்கு முந்தின நாள் தூவாமல் இருந்தாலே நிறைய மிச்சம்.

அதன் பிறகே தூர் வாருவது. தண்ணீர் வற்றும்போது, மேல் கறுப்புச் சேற்றை மட்டும். அதைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே வரும். குளத்துக்கு நீர் வடிந்து வரும் பகுதிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

நாணல்:
தூர்மண் சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: ஆழமான ஏரியும் இதுவும் ஒன்றல்ல. சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் 1963 முதல் 1968 வரை கழிவுநீரைத் திருப்பியதும் சில ஆண்டுகளிலேயே தெளிந்துவிட்டது. அது 60 மீட்டருக்கு மேல் ஆழம் போகும் ஏரி. ஆழம் குறைந்தவற்றில் சேறு பழைய பாஸ்பரஸை விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்ற பிறகும் 10, 15 ஆண்டு இழுக்கலாம். ஊராரிடம் அடுத்த கோடையில் தெளியும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆழம் குறைந்த குளத்தில் நீருக்கடித் தாவரங்கள்தான் சேற்றைப் பிடித்து வைக்கும். சேற்றைக் கிளறும் சாதாக் கெண்டை அதிகமிருந்தால் அவை வேர் பிடிக்காது. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். புல்கெண்டையை விட்டால் பாசியைத் தின்னும் என்று விற்பார்கள். அது செடியைத் தின்று சாணமாக்கி, பாசிக்கு உணவு போடும்.

படிகாரம் (அலுமினியம் சல்பேட்) போட்டுப் பாஸ்பரஸைப் படிய வைக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். வரவை நிறுத்திய பிறகு போடலாம். 20 மி.கி./லி. என்றால் இந்தக் குளத்துக்கு 600 கிலோ. காரத்தன்மை 10 மி.கி./லி. குறையும், பிஹெச் 6க்குக் கீழே போனால் அலுமினியமே மீனைக் கொல்லும். பாசி உச்சத்தில் பிஹெச் 9ஐத் தாண்டும் பிற்பகலில் போட்டால் படிந்தது மறுபடி கரையும். தெளிந்த காலத்தில், காலையில், அதற்கு முன் ஒரு லிட்டர் ஜாடிகளில் 10, 20, 40 என்று சோதித்துவிட்டுப் போடுங்கள். காற்று பலமாக வீசும் குளத்தில் படிவு கலைந்துவிடும், செலவுக்கு ஏற்ற பலன் இருக்காது.

கரைவேலி:
கால்நடையைத் தடுத்தாகிவிட்டது. ஜாடியில் பச்சை மேலே கட்டியது. பாஸ்பரஸ் சோதனைக்கு எப்படி மாதிரி எடுப்பது?

தூர்மண்:
புட்டியைச் சோப்பால் கழுவாதீர்கள், சிலவற்றில் பாஸ்பேட் இருக்கும். ஆய்வகத்திலேயே அமிலத்தில் கழுவிய புட்டி வாங்குங்கள். ஆடையைத் தவிர்த்து, குளத்தின் நடுவில் 30 செ.மீ. ஆழத்தில் ஒன்று, சேற்றைத் தொடாமல் அடியில் ஒன்று, வாய்க்கால் விழும் இடத்தில் ஒன்று. விடியலில் எடுத்து, பனிக்கட்டியில் இருட்டில் வைத்து அன்றே கொடுங்கள். அடிநீரில் மேல்நீரைவிடப் பல மடங்கு இருந்தால் சேறு விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மொத்த பாஸ்பரஸ் என்று எழுதிக் கேளுங்கள். கரைந்த பாஸ்பேட் மட்டும் பார்த்தால் பூஜ்யம் காட்டக்கூடும், ஏனென்றால் எல்லாம் பாசிக்குள் போயிருக்கும். அறிக்கையில் எண் பாஸ்பரஸாகவா பாஸ்பேட்டாகவா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம். அவர்களால் அளக்க முடிந்த குறைந்த அளவு 0.01 மி.கி./லி. இருக்க வேண்டும். சாக்கடை நீர் சோதிக்கும் முறையில் 0.5க்குக் கீழ் என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, வேறு ஆய்வகம் பாருங்கள்.