நீலம் பாய்ந்த 1917 ரூபாய்: தானாக வந்த நிறமா, வரவைத்ததா?

கேட்டவர்:
புதுச்சேரி ஞாயிறு சந்தையில், நடைபாதைக் கடையொன்றில், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1917 வெள்ளி ரூபாய் வாங்கினேன். எடை 11.6 கிராம், அது சரி. ஆனால் ராஜா கன்னத்தில் மயில்கழுத்து நீலம், விளிம்பு மட்டும் பளிச்சென்று வெள்ளை. கடைக்காரரின் தாத்தா பெட்டியில் கிடந்ததாம். நம்பலாமா?

கடலூர் வாசகர்:
எனக்குச் சந்தேகம்தான். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகிறது. படலம் தடிக்கத் தடிக்க முதலில் இளமஞ்சள், அப்புறம் செவ்வூதா, பிறகுதான் நீலம். ஆல்பத்தில் இருந்த காசில் இது பெரும்பாலும் விளிம்பிலிருந்து உள்ளே நகரும். உங்கள் காசு மஞ்சளைத் தொடாமலே நீலத்துக்குத் தாவியிருக்கிறது. நானே ஒருமுறை அவித்த முட்டையோடு ஒரு தேய்ந்த ரூபாயை டப்பாவில் அடைத்தேன், சீக்கிரமே வானவில்! அந்த நாற்றத்துக்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

கேட்டவர்:
நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் முக்கினால் தெரியுமா?

கடலூர் வாசகர்:
சாயமோ வார்னிஷோ என்றால் கரையும். கந்தகப் படலம் அசையாது, அது பெட்டியில் வந்தாலும் முட்டையில் வந்தாலும். விளக்கடியில் சாய்த்துத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீலத்துக்கு அடியில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் இருந்தால், யாரோ புளி போட்டுத் தேய்த்துவிட்டு அதை மறைக்க நிறம் ஏற்றியிருக்கலாம்.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணே. கீறல் இருக்கிறது, காது வரைக்கும்.