நுரையீரல் புற்றுநோய் மாத்திரையைக் குறைத்தால் பலனும் குறையுமா?

தேன்மொழி: அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதால் ஐந்து வாரமாக அதற்கான மாத்திரை அஃபாடினிப் 40 மி.கி. சாப்பிடுகிறார். எடை 41 கிலோ. பேதி நிற்கவில்லை. கால் கட்டைவிரலில் நகச்சுத்து, செருப்புக்கூட போட முடியவில்லை. டாக்டர் 30க்கு இறக்கலாம் என்கிறார். அண்ணனோ, “அரைகுறை வைத்தியம் எதுக்கு?” என்று குதிக்கிறான்.

மாத்திரைப்பெட்டி: அரைகுறை இல்லைங்க. அஃபாடினிப்பைச் சோதித்த லக்ஸ்-லங் 3 ஆய்வில் அளவைக் குறைத்தவர்களுக்கும் 40லேயே இருந்தவர்களுக்கும் நோய் அடங்கியிருந்த காலம் ஏறக்குறைய ஒன்றுதான். குறைக்க வேண்டிவந்தவர்களின் இரத்தத்தில் முதலிலேயே மருந்து கூடுதலாக இருந்தது. இறக்கிய பிறகுதான் மற்றவர்கள் அளவுக்கு வந்தது. உங்கள் அம்மா உடம்புக்கு 40 என்பதே அதிகமாக இருக்கலாம்.

கறார்கந்தன்: அந்த ஒப்பீட்டுக்காக யாரையும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லையே! பேதி வந்தவர்களுக்குக் குறைத்தார்கள், அவ்வளவுதான். கேராஸ் என்ற வேறொரு மரபணு மாற்றத்துக்குத் தரும் சோட்டோராசிப் மாத்திரையில் குலுக்கிப் பிரித்தே பார்த்தார்கள்: 960 மி.கி.யில் 32.7% பேருக்குக் கட்டி சுருங்கியது, 240இல் 24.8%. ஆளுக்கொரு அளவு என்பது கேட்க நன்றாக இருக்கும்.

மாத்திரைப்பெட்டி: நல்ல உதாரணம், ஆனால் பாதிதான் சொன்னீர்கள். சோட்டோராசிப்பை 180இலிருந்து 960 வரை ஏற்றினாலும் இரத்தத்தில் சேர்வது ஏறக்குறைய அதே அளவுதான். மீதியை வயிறுதான் சுமக்கிறது.

கறார்கந்தன்: சரி, அஃபாடினிப் போலவே ஈ.ஜி.எஃப்.ஆரைத் தடுக்கும் எர்லோட்டினிப்? புகைப்பவர் உடம்பு அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும் என்று 150க்குப் பதில் 300 கொடுத்தார்கள். பலன் கூடவில்லை. இரத்த அளவை மட்டும் துரத்தினால் இப்படித்தான்.

மாத்திரைப்பெட்டி: அது ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கென்று நடத்திய ஆய்வே இல்லை. அந்த மாற்றம் இல்லாதவர்களுக்கு அந்த மருந்து 150லும் பெரிதாகக் கேட்காது.

பழைய சோறு: நடுவில் ஒரு வார்த்தை. அப்பா செரிடினிப் என்ற இன்னொரு நுரையீரல் புற்றுநோய் மருந்தை, 750 மி.கி., வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் 450ஐச் சாப்பாட்டோடு தரலாம் என்று வந்தது. இரத்தத்தில் அதே அளவு, வயிற்றுத் தொல்லை குறைவு. அமெரிக்காவில் 2017இல் அதையே முறையாக்கினார்கள். தேன்மொழி, இதைப் பார்த்து அஃபாடினிப்பைச் சோற்றோடு கொடுத்துவிடாதீர்கள், அது வெறும் வயிற்றில்தான்.

கறார்கந்தன்: அதை ஒப்புக்கொள்கிறேன், முறையாகச் சோதித்து மாற்றியது. நான் பயப்படுவது வீட்டிலேயே ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பவர்களைப் பார்த்துத்தான். தேன்மொழி, டாக்டர் சொன்னால் இறக்குங்கள்.

தேன்மொழி: அண்ணனிடம் காட்டினேன். “அப்போ முதல்லயே 30 கொடுத்திருக்கலாமே” என்கிறான்! இப்போதைக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பேதி அடங்கியதும் 30.